ஏழாவது கண்ணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கிலியக்காவை யாராவது குறை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. பதினொரு வருஷம் ஒரே இயந்திரத்தில் அவளோடு மாரடித்திருக்கிறேன், சும்மா இல்லை. என்னை எல்லோரும் மிளகாய் என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

தண்டவாளத்துக்கு அடியில் கட்டை, கட்டைக்கு அடியில் ஜல்லி. இது எல்லோருக்கும் தெரியும். அந்த ஜல்லியும் அழுக்காகும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. ரயில் ஓட ஓடக் கல் உரசிப் பொடியாகும், மண் ஏறும், மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் சேறு கட்டும். அப்புறம் அந்த இடத்தில் ரயில் தூக்கிப் போடும். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை கல்லையெல்லாம் தோண்டி எடுத்துச் சலித்து, நல்ல கல்லைத் திரும்பப் போட்டுவிட்டுச் சேற்றை ஓரமாகத் தள்ள வேண்டும். அதற்குத்தான் எங்கள் இயந்திரம். மூன்று பெட்டி நீளம் இருக்கும். அதன் வயிற்றிலிருந்து ஒரு சங்கிலி இறங்கி, பாதைக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஏறும். ஒவ்வொரு கண்ணியிலும் ஐந்து இரும்புப் பல். அவை கல்லை வாரிக்கொண்டு மேலே வந்து சல்லடையில் கொட்டும். சங்கிலியை ஓட்டும் சீட்டில் அக்கா. சல்லடைப் பக்கம் நான். "நீ சலிக்கிறதை விடச் சலிச்சுக்கிறதுதான்டா அதிகம்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அக்கா நேராக வந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தவள் இல்லை. பத்தொன்பது வயதில் பாதை வேலைக் கேங்கில் சேர்ந்தாள். கையில் பிக்காசு, தலையில் இரும்புச் சட்டி. அங்கேயே ஒரு கேங்மேனைப் பார்த்தாள், பிடித்துப்போனது, வீட்டில் ஆறு மாதம் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டாள். அவரை நான் மாமா என்பேன். கொஞ்ச நாளில் தன் தங்கச்சியையும் அதே கேங்கில் சேர்த்துவிட்டாள். இயந்திரம் எங்கள் பிரிவுக்கு வந்தபோது அடியில் ஒட்டும் சேற்றை வழிக்க ஆள் கேட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, இவள் கையைத் தூக்கினாள். சேறு வழித்தாள், எண்ணெய் போட்டாள், கண்ணிகளைக் கோக்கும் இரும்புப் பின்னை அடித்தாள். அப்புறம் ஓட்டுநர் தேர்வு எழுதினாள், தோற்றாள். இன்னொரு முறை எழுதினாள், மறுபடி தோற்றாள்.

"போதும்க்கா, மானம் போகுது" என்றேன்.

"எழுதுறது நானு. உன் மானம் ஏன்டா போகுது?" என்றாள்.

மூன்றாம் தடவை, நாற்பத்தோரு வயதில், தேறினாள். அன்றைக்குச் சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் வேலையில் அந்தப் பொய் எப்போதும் செல்லும்.

இனி பாயிண்ட் கதைக்கு வருகிறேன். ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடத்தைத்தான் பாயிண்ட் என்போம். நேர்ப் பாதையில் எங்கள் இயந்திரம் ராஜா மாதிரி போகும். பாயிண்ட் வந்தால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடும். காரணம், அங்கே பாதை போகப் போக அகலமாகும். சங்கிலி ஓடும் கட்டர் பாரையும் நீட்ட வேண்டும், கண்ணிகளையும் கூட்ட வேண்டும். நிறுத்தி, நீட்டி, மறுபடி நிறுத்தி, நீட்டி என்று நேரம் பறந்துவிடும் என்பது அலுவலகத்தின் பல வருஷத்துப் பல்லவி. ஆகவே பாயிண்ட் மட்டும் கேங்கின் தலையில். பாதையிலேயே கட்டைகள் நெருக்கமான இடம் அதுதான். குனிந்து, கையை உள்ளே விட்டு, கல்லை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு பாயிண்டுக்கு அடியில் கல் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் மாமாவின் இடுப்பு போனது. டப்பென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற தங்கச்சி ஏதோ பிக்காசுக் காம்பு உடைந்தது என்று நினைத்தாளாம். அதற்குப் பிறகு மாமா குனியவே இல்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பிடிவாதம். பாயிண்டையும் இயந்திரம்தான் தோண்ட வேண்டும். நாலு கடிதம் எழுதினாள். முதல் மூன்றும் போன இடம் தெரியவில்லை. நாலாவதைப் புதிதாக வந்த இன்ஜினியர் படித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கறாரான மனுஷர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர்.

"யார்டுல நாப்பது பாயிண்ட் இருக்கு. திங்கக்கிழமை கேங் தோண்ட ஆரம்பிக்கணும்னு உத்தரவு போட்டாச்சு. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு பாயிண்ட், ஒரே ஒரு பிளாக் தர்றேன். முடிச்சுக் காட்டினா மீதியும் உங்களுக்கு. முடியலைன்னா இந்தப் பேச்சே இனிமே வேண்டாம்" என்றார்.

பிளாக் என்றால் ரயில்களை நிறுத்திவிட்டு லைனை எங்கள் கையில் கொடுக்கும் நேரம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. அதில் தோண்டுவது பன்னிரண்டே காலுக்குள் முடிந்தால்தான் மற்ற வேலைகளை முடித்து ஒரு மணிக்கு லைனைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

"எப்படி முடிப்பீங்க?" என்று கேட்டார்.

"நடுவுல நீட்டுனாத்தானே சார் நேரம் போகும்? ஆரம்பத்துலயே முழு நீளத்துக்குப் போட்டுட்டு நேரா போயிடுவேன். குறுகலான பக்கத்துல பார் வெளிய நீட்டிக்கிட்டு ஓரத்தையும் சேத்துத் தோண்டும். தோண்டட்டுமே, அதுவும் அழுக்குதான்."

"ஓரத்துல கேபிள் இருந்தா?"

"இல்ல சார். குத்திப் பாத்துட்டேன்."

உண்மைதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு போய், நாற்பத்தைந்து மீட்டர் பாயிண்டின் இரண்டு ஓரத்தையும் அடிக்கு ஒரு குத்து என்று குத்தியிருந்தாள். கூடப் போனவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை கூட நிம்மதி இல்லையா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை நாள் குறித்தார்கள். கேங் முழுக்க வந்துவிட்டது, பதினாறு பேர். கட்டைக்கு அடியில் கட்டர் பார் நுழைய ஒரு பள்ளம் மட்டும் கையால் வெட்ட வேண்டும், அதற்கு. இன்ஜினியர், மேஸ்திரி, இன்னும் யார் யாரோ வெள்ளைத் தொப்பிக்காரர்கள். தங்கச்சி பிக்காசைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு நீ சொதப்புனே, திங்கக்கிழமை என் பங்கையும் நீதான் தோண்டணும்" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் உதடு காய்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு லைன் எங்கள் கைக்கு வந்தது. பாரை நீட்டி உள்ளே விட்டோம். அடுத்து சங்கிலியைப் பிரித்துப் பத்துக் கண்ணிகள் கூட்ட வேண்டும். அக்காவே பள்ளத்தில் இறங்கினாள். மற்றவர்களை இறக்கச் சொன்னால் கேட்க மாட்டாள். ஒரு கண்ணி பதினெட்டுக் கிலோ. மேலேயிருந்து நான் இறக்குவேன், அவள் வாங்கிப் பொருத்திப் பின்னை அடிப்பாள்.

இதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கண்ணியின் பல் ஓடும் திசையைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும். சேறு அப்பிய கண்ணியில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பள்ளத்தின் இருட்டில் தெரியாது. அதனால் இறக்குகிறவன் பார்த்துவிட்டு "பல்லு முன்ன!" என்று குரல் கொடுப்பான். வாங்குகிறவர் பல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு "முன்ன!" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னவர்தான் பொறுப்பு. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. எங்களுக்கு இதுதான் சட்டம்.

பத்துக் கண்ணிக்கும் குரல் கொடுத்தேன். பத்துக்கும் பதில் வந்தது. பத்தேகாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா சீட்டில் ஏறிவிட்டாள். சங்கிலி சுற்ற ஆரம்பித்தது. கறுப்புச் சேற்றோடு கல் மேலே வந்து கொட்ட, சல்லடை ஆட, அடியிலிருந்து கழுவின மாதிரி கல் விழுந்தது. "அடியாத்தி! பாயிண்டுக் கல்லுடா!" என்று கேங்கில் யாரோ கூவினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு மீட்டர் போயிருப்போம். இயந்திரம் நின்றுவிட்டது. ஓடி வந்து பார்த்தால் அக்கா சீட்டைவிட்டு இறங்கி, சங்கிலி மேலே ஏறும் தொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னக்கா?"

"ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை இடிக்குதுடா. சீட்டுல தெரியுது. ஒரு கண்ணி திரும்பி இருக்கு."

பத்துக் கண்ணியையும் மனசுக்குள் திரும்ப இறக்கிப் பார்த்தேன். ஏழாவதை இறக்கும்போது தங்கச்சி ஏதோ கேலி செய்தாள், நான் திரும்பிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே "பல்லு முன்ன" என்றேன். பார்த்துச் சொல்லவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "ஒரு கண்ணிதானே? அது பாட்டுக்கு இடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும். ஓட்டும்மா. நாப்பது மீட்டர்தான், தாங்கும்."

"தாங்காம பாயிண்டுக்கு நடுவுல அறுந்துச்சுன்னா? பாயிண்டுக்கு அடியில சங்கிலி மாட்டிக்கிட்டா ஒரு மணிக்கு லைன் போகாது, சாயங்காலம் ஆனாலும் போகாது. பரவாயில்லையா?"

மேஸ்திரி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. சம்மட்டியை எடுத்துவிட்டாள்.

சங்கிலியை மெதுவாகச் சுற்றி அந்தக் கண்ணியை மேலே கொண்டுவந்து சேற்றை வழித்தோம். ஏழாவதேதான். ஐந்து பல்லும் பின்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. இறுக்கத்தைத் தளர்த்தி முதல் பின்னைத் தட்டினோம், வந்துவிட்டது. இரண்டாவது வரவே மாட்டேன் என்றது. நான் அடித்தேன், அவள் அடித்தாள், மாறி மாறி அடித்தோம். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்தவன் நான் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சம்மட்டியை விசிறியடித்துக்கொண்டே சொன்னேன்:

"அக்கா, ஏழாவது... நான் பாக்காம இறக்கிட்டேன்."

"நானும்தான் தொடாம பதில் சொன்னேன். அவ பேச்சுக்கு எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. வாயை மூடிட்டு அடி."

முப்பத்தொரு நிமிஷம். கண்ணியைத் திருப்பிப் போட்டு, பின் அடித்து, சங்கிலியை இறுக்கி, மறுபடி ஓடவிட்டபோது பத்து ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு அக்கா ஓட்டியதை நான் என்னவென்று சொல்ல! ஒரு இடி இல்லை, ஒரு தடங்கல் இல்லை. பின்னாலேயே கல்லை இறுக்கும் இன்னொரு இயந்திரம் எங்களை விரட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து மீட்டர், இருபத்தைந்து, முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டாவது மீட்டரில் இன்ஜினியர் கையைத் தூக்கினார். மணி பன்னிரண்டே கால். நேரம் முடிந்தது, இன்னும் மூன்று மீட்டர் பாக்கி.

அக்கா சங்கிலியை நிறுத்தினாள். சீட்டிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே கேங் பிக்காசுகளை எடுத்துக்கொண்டு இறங்குவதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் குனிந்தவள் தங்கச்சி. குனிந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து, "மூணு மீட்டருக்கு எதுக்குக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? பாரை உருவிட்டு வண்டியத் தள்ளி நிறுத்து!" என்றாள். அக்கா அழுதாள். தூசி என்றுகூடச் சொல்லவில்லை. அழுதுகொண்டே நெம்புகோலைத் தள்ளினாள்.

பதினாறு பேரும் விழுந்து விழுந்து தோண்டினார்கள். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு லைனைத் திருப்பிக் கொடுத்தோம்.

அப்புறம் பதிவேடு. அன்றைய வேலையையும் தாமதத்தையும் காரணத்தையும் எழுதி ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரி கெட்டவர் இல்லை. அக்காவின் காதோரம் வந்து, "சங்கிலிக் கோளாறுன்னு எழுதிரு. இரும்பு கெட்டுப்போச்சுன்னா யாரு என்ன பண்ண முடியும்? யாருக்கும் தலைவலி இல்ல" என்றார்.

"மிஷின் கோளாறுன்னு எழுதினா மிஷின் பாயிண்டுக்கு லாயக்கில்லன்னு ஆயிடும். திங்கக்கிழமை இவங்க கையில பிக்காசு குடுப்பீங்க."

"அப்ப நேரம் போதலைன்னு எழுது."

"நேரம் போதும். முப்பத்தோரு நிமிஷத்தை நான் தின்னுட்டேன்."

தடிமனான எழுத்தில், அழுத்தி, எழுதினாள். ஏழாவது கண்ணியைத் திருப்பிப் பொருத்தியது தன் தவறு, சரிபார்க்காமல் பதில் சொன்னது தான், இழந்த நேரம் முப்பத்தொரு நிமிஷம், இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை, கடைசி மூன்று மீட்டர் கேங் கையால் தோண்டியது. இன்ஜினியர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை இரண்டு உத்தரவு வந்தது. முதலாவது: முப்பத்தொரு நிமிஷத்தைக் கழித்துப் பார்த்தால் பாயிண்ட் நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கும், ஆகவே மீதி முப்பத்தொன்பதும் இயந்திரத்துக்கு. கேங்கில் விசில் பறந்தது. இரண்டாவது: பொருத்துதலில் தவறு செய்து பிளாக் நேரத்தை வீணாக்கிய ஓட்டுநர் ஆறு மாதம் சீட்டில் உட்காரக் கூடாது, அதன் பிறகு மறுபடி தேர்வு எழுத வேண்டும். அதுவரை உதவியாள் வேலை. அவள் இடத்தில் ஓட்டுநராக, அதே தேர்வில் தேறியிருந்த என் பெயர்.

என் பெயர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் உத்தரவைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே தேடி எடுத்து நீவிவிட்டேன், அது அலுவலகக் காகிதம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல், வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன், அவள் வருவதற்கு முன்பே மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று. அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள்.

இரண்டு அறை வீடு. சமையலறையில் அலமாரி, அடுப்பு, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாமே மார்பு உயரத்தில் இருக்கும், மாமா நின்றபடி சமைக்க. ஏதாவது கீழே விழுந்தால் காலால் சுவரோரம் தள்ளி, சுவரோடு உரசி உரசி மேலே ஏற்றிக் கையில் பிடிப்பார். நான் போனபோது ஒரு கரண்டியை அப்படி ஏற்றிக்கொண்டிருந்தார். எடுத்துத் தரப் போனேன். "விடு" என்றாள் அக்கா.

நான் மடமடவென்று கொட்டிவிட்டேன். பாதித் தவறு என்னுடையது, நாளைக்கே இன்ஜினியரிடம் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன், உனக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்று.

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும்?" என்றாள்.

"எனக்கும் ஆறு மாசம் போடுவான். போடட்டும்!"

"ரெண்டு பேரும் எறங்கிட்டா சீட்டுல யாரு உக்காருவா? இவரா?"

பாயிண்டில் அந்தச் சங்கிலியை ஓட்ட எங்கள் பிரிவில் வேறு ஆளே இல்லை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் விடவில்லை. "மூணு தடவை எழுதி வாங்கின சீட்டுக்கா அது!"

"பதில் சொன்னது நானு. பொறுப்பு எனக்கு. நம்ம சட்டம்தானே? வயிறு எரியுதுடா, எரியலைன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்குக் காலையில நீ அந்தச் சீட்டுல ஏறுறதைப் பாக்க முடியாம நான் அந்தப் பக்கம் போய் நின்னேன். ஆனா அந்த முப்பத்தொம்பதும் நிக்கக் கூடாது."

மாமா கரண்டியைக் கையில் பிடித்துவிட்டார். அடுப்பைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டார்: "இன்னைக்கு உன் தங்கச்சி குனிஞ்சாளா?"

"பள்ளம் வெட்ட மட்டும். பத்து நிமிஷம்."

"அப்புறம்?"

"அப்புறம் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா."

மாமா கரண்டியை வைத்துவிட்டு, அடுப்புத் திட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் தோள் குலுங்கியது. அக்கா எழுந்து போய் அவர் முதுகில் கையை வைத்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைத் தேடினேன்.

வாசல் வரை வந்தாள். கையில் ஓட்டுநர் தேர்வு விண்ணப்பம், அதற்குள் வாங்கியும்விட்டாள், பாதி நிரப்பியும்விட்டாள்.

"ஆறு மாசம்" என்றாள். "அதுக்கு மேல ஒரு நாள் அந்தச் சீட்டுல உக்காந்தே, காலை ஒடிச்சிருவேன்."